படர்தாமரைக்குப் போடும் களிம்பு தோலில் என்ன செய்கிறது?

படர்தாமரையை உற்றுப் பாருங்கள். நடுவில் தோல் ஓரளவு ஆறியிருக்கும். வட்டத்தின் விளிம்புதான் சிவந்து, செதில் செதிலாகத் தடித்திருக்கும். தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்றபடி பூஞ்சை வெளிப்பக்கமாக நகர்வதால் வரும் வடிவம் இது. ஆகவே சிவப்பின் மேல் மட்டும் களிம்பு தடவினால் போதாது. விளிம்பைத் தாண்டி 2 சென்டிமீட்டர் வரை, பாதிப்பில்லாததுபோல் தெரிகிற தோலிலும் தடவ வேண்டும்.

நம் செல்சவ்வுக்குக் கொலஸ்ட்ரால் எப்படியோ, பூஞ்சையின் செல்சவ்வுக்கு எர்கோஸ்டிரால் அப்படி. அதை உருவாக்கும் ஒரு நொதியை, களிம்பில் இருக்கும் குளோட்ரிமசோல் என்ற மருந்து முடக்குகிறது. டெர்பினாஃபின் என்ற மற்றொரு களிம்பு மருந்து அதற்கும் முந்தைய படியில் இன்னொரு நொதியைத் தடுக்கிறது. நம் செல்களுக்கு எர்கோஸ்டிரால் தேவையில்லை என்பதால் அடி பூஞ்சைக்கு மட்டும் விழுகிறது.

சரி, நாலு நாளில் அரிப்பு நின்றுவிட்டதே, இன்னும் ஏன் தடவ வேண்டும்? குளோட்ரிமசோல் பெரும்பாலும் பூஞ்சையின் வளர்ச்சியைத்தான் நிறுத்துகிறது. மிச்சமிருப்பது பழைய தோலோடு உதிர்ந்து போக வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் தினம் 2 வேளை, 2 முதல் 4 வாரம் என்கிறார்கள். பாதியில் விட்டால் அதே இடத்தில் மறுபடி கிளம்பும்.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது, மருந்துக்கடையில் "அரிப்புக்கு ஒரு ட்யூப் குடுங்க" என்று கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்ற பெயர் ட்யூபில் இருந்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. அது தோலின் எதிர்ப்பை அடக்கிவிடும். சிவப்பும் அரிப்பும் ஒரே நாளில்கூடத் தணியும். பூஞ்சையோ தடையில்லாமல் பரவும். வட்ட வடிவம் கலைந்துபோவதால் மருத்துவருக்கே அடையாளம் காண்பது சிரமமாகிவிடும். தொடையிடுக்கில் மாதக்கணக்கில் தடவியவர்களுக்குத் தோல் மெலிந்து, மாறாத வரித்தழும்புகள் விழுகின்றன. தயவுசெய்து வாங்குமுன் ட்யூபைத் திருப்பிப் படியுங்கள்.

இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்ற பூஞ்சை இங்கே பரவலாக இருக்கிறது. அதன் பல வகைகளில் டெர்பினாஃபின் தாக்கும் நொதியே சற்று மாறிவிட்டதால் அந்த மருந்து பிடிப்பதில்லை. ஒழுங்காகத் தடவியும் குறையவில்லை என்றால் ட்யூபை மாற்றி மாற்றிப் பார்க்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள். தலையிலோ நகத்திலோ வந்தால் முதலிலேயே போய்விடுங்கள். முடிவேருக்குள்ளும் நகத்தின் அடியிலும் களிம்பு சரியாக இறங்காது, பெரும்பாலும் மாத்திரைதான். அப்புறம், வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒரே துண்டைப் பலர் பயன்படுத்தும் வீட்டில் ஒருவர் மட்டும் மருந்து போட்டால் அது சுற்றிச் சுற்றி அவரிடமே திரும்பி வரும்.