கேபிள் ரோ: ஆட வேண்டியது இடுப்பு இல்லை

ஜிம்மிலிருந்து நேராக இடுப்பைப் பிடித்துக்கொண்டு பிசியோதெரபிக்கு வருகிறவர்கள் குறைவதாகவே இல்லை. கடைசியாக வந்த தம்பிக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. பகலெல்லாம் குனிந்தபடி பற்றவைத்துவிட்டு, சாயங்காலம் போய்க் கேபிள் ரோவில், அதாவது உட்கார்ந்தபடி கேபிளில் கட்டிய எடையை வயிற்றை நோக்கி இழுக்கும் மெஷினில், உட்கார்ந்திருக்கிறார். "ஜவ்வு விலகிடுச்சா மேடம், ஸ்கேன் எடுக்கட்டுமா?" என்பதுதான் முதல் கேள்வி. சோதித்துப் பார்த்தால் தசைப்பிடிப்பு. ஸ்கேன் தேவையில்லை.

நண்பர் எடுத்த வீடியோவைக் காட்டினார். ஒவ்வொரு முறையும் மார்பு முழங்காலில் இடிக்கிற அளவுக்கு முன்னால் கவிழ்கிறார். அப்புறம் தேர் வடம் இழுப்பதுபோல மொத்த உடம்பையும் பின்னால் சாய்க்கிறார். பிளேட்டுகள் டமார் டமாரென்று மோதுகின்றன. பக்கத்தில் ஒருவர் "இன்னும் ரெண்டு" என்று உசுப்பேற்றுகிறார்.

ஏன் இப்படி என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "முதுகுக்கான எக்சர்சைஸ்தானே மேடம், முதுகு ஆட வேண்டாமா?"

வேண்டாம். முதுகின் பெரிய தசையான லாட்ஸ், நடுமுதுகுக்குக் கீழிருந்தும் இடுப்பெலும்பிலிருந்தும் கிளம்பிப் போய் மேல்கை எலும்பில் ஒட்டுகிறது. அதன் வேலை கையைப் பின்னால் இழுப்பது. அதற்கு மேலே உள்ள தசைகளின் வேலை தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் ஒன்றையொன்று நோக்கி நெருக்குவது. ஆக, முழங்கை பின்னால் போனால் முதுகு வேலை செய்கிறது என்று அர்த்தம். இடுப்பு ஆடினால் உடம்பின் வேகம்தான் எடையைத் தூக்குகிறது. லாட்ஸுக்கு அன்றைக்கு லீவு. சந்தேகமா? இடது கையை வலது அக்குளுக்குப் பின்னால் வையுங்கள். வலது கையை நீட்டி, ஒருவரை மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, முழங்கையைப் பின்னால் இழுங்கள். விரலுக்கடியில் சதை இறுகுகிறதா? அதுதான் லாட்ஸ். இடுப்பு அசையவே இல்லை, கவனித்தீர்களா?

சரி, எப்படிச் செய்வது? கைப்பிடியை எடுப்பதிலேயே தப்பு ஆரம்பிக்கிறது. காலை விறைப்பாக நீட்டிக்கொண்டு குனிந்து எட்டாதீர்கள். முழங்காலை நன்றாக மடக்கி, பிடித்த பிறகு காலால் தள்ளிப் பின்னால் நகருங்கள். செட் முடிந்து திரும்ப வைக்கும்போதும் இதே வழிதான். களைத்துப்போய் அலட்சியமாகக் குனிகிற அந்த நேரத்தில் 'சுருக்'கென்று பிடித்தது என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

முழங்கால் லேசாக மடங்கி இருக்கட்டும், நெஞ்சு நிமிரட்டும், தோள் காதுக்கு ஏற வேண்டாம். கைப்பிடி தொப்புளுக்குச் சற்று மேலே வர வேண்டும், முழங்கை விலாவை ஒட்டிப் போக வேண்டும். ஒரு நொடி நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று நொடி எடுத்துக்கொண்டு மெதுவாக விடுங்கள். விடும்போது தோள்பட்டை முன்னால் போகலாம், இடுப்பு மடங்கக் கூடாது. லேசாகச் சாய்வதற்கெல்லாம் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

10 முறை இடுப்பை ஆட்டாமல் இழுக்க முடியவில்லையா? எடையைக் குறையுங்கள்: பிளேட்டுகளில் செருகியிருக்கும் பின்னை (ஊசியை) இரண்டு பிளேட் மேலே செருகுங்கள். கௌரவம் ஒன்றும் குறையாது. ஃபேர்லேண்ட்ஸ் ஜிம்மில் 50 கிலோ இழுத்தவர் ஐந்து ரோடு ஜிம்மில் 40-க்கே திணறலாம். கப்பி அமைப்பு மெஷினுக்கு மெஷின் மாறும், அதில் எழுதியிருக்கிற எண்ணை வைத்துப் பந்தயம் கட்டாதீர்கள்.

கோச் தம்பிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: தயவுசெய்து எண்ணிக்கையை மட்டும் எண்ணாதீர்கள், பக்கவாட்டில் நின்று இடுப்பைப் பாருங்கள். நாள் முழுக்கத் தறியிலோ பட்டறையிலோ குனிந்து வேலை பார்த்து வருகிறவரை முதல் வேலையாக ரோவில் உட்கார வைக்காதீர்கள். கொஞ்சம் நடக்கவிட்டு, உடம்பு சூடானதும் குறைந்த எடையில் ஆரம்பியுங்கள்.

பிடித்துக்கொண்டால் சுளுக்கு வழிக்க ஓடாதீர்கள். சாதாரணப் பிடிப்பு, படுத்தே கிடக்காமல் நடமாடினால் பெரும்பாலும் தானாகக் குறையும். வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ டாக்டரிடம் காட்டுங்கள். பாதத்தைத் தூக்க முடியவில்லை, சிறுநீர் கழிக்க முடியவில்லை அல்லது அடக்க முடியவில்லை, தொடையிடுக்கில் உணர்ச்சி இல்லை என்றால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அப்போது எனக்குப் போன் போட்டு அப்பாயிண்ட்மென்ட் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.