பெயரளவு ஆர்ட்டிக்கிள்ஷிப்பில் தொலையும் இரண்டு ஆண்டுகள்

பட்டயக் கணக்காளர் (சிஏ) படிப்பின் இடைநிலைத் தேர்வான இன்டர்மீடியட் முடிவுகள் வெளியாகும் வாரங்களில் எங்கள் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வரும் பெற்றோர்களில் ஒருவராவது, பிள்ளையை வெளியே உட்காரவைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி ஒன்றைக் கேட்பார். "சார், ஆர்ட்டிக்கிள்ஷிப் பதிவு மட்டும் உங்களிடம் இருக்கட்டும். பையன் வீட்டிலிருந்து ஃபைனலுக்குப் படிக்கட்டும். உதவித்தொகைகூட வேண்டாம்." ஆர்ட்டிக்கிள்ஷிப் என்பது ஃபைனல் என்ற இறுதித் தேர்வுக்கு முன் ஓர் ஆடிட்டரின் அலுவலகத்தில் வேலை பார்த்துப் பெற வேண்டிய பயிற்சி. தவறு செய்யச் சொல்கிறோம் என்ற எண்ணமே அவர்களிடம் இருப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு யாரோ ஓர் ஆடிட்டர் அப்படிச் செய்துகொடுத்திருப்பார். அதையே தம் பிள்ளைக்கும் செய்துவிட வேண்டும் என்ற பாசத்தில் கேட்கிறார்கள்.

2023 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தில், மூன்று ஆண்டுகளாக இருந்த ஆர்ட்டிக்கிள்ஷிப் இரண்டு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. முன்பு பயிற்சியின் கடைசி ஆறு மாதங்களிலேயே இறுதித் தேர்வை எழுதலாம் என்பதால், அலுவலகத்துக்கும் படிப்புக்கும் இடையே மாணவர்கள் இழுபட்டது உண்மைதான். இப்போதோ பயிற்சி முடிந்து ஆறு மாதங்கள் கழிந்த பிறகே இறுதித் தேர்வு எழுத முடியும். படிப்பதற்கென்றே அந்த இடைவெளி விடப்பட்டிருக்கிறது. "படிக்க நேரம் வேண்டும்" என்று சொல்லிப் பயிற்சியைக் காகிதத்தில் மட்டும் நடத்துவதற்கு இருந்த ஒரே சாக்கும் இதனால் போய்விட்டது. பிடிபட்டால் பயிற்சிக் காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடவும், பதிவை ரத்து செய்யவும் பட்டயக் கணக்காளர்களின் அமைப்பான ஐசிஏஐக்கு அதிகாரம் உண்டு. சான்றளித்த ஆடிட்டர் ஒழுங்கு நடவடிக்கையைச் சந்திக்க நேரிடும்.

தண்டனையைச் சொல்லிப் பயமுறுத்துவது என் நோக்கமன்று. பிடிபடாதவர்கள் எதை இழக்கிறார்கள் என்பதைக் காட்டுவதற்கு, எங்கள் அலுவலகத்தில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு மாணவி வவுச்சர்களை, அதாவது செலவுச் சீட்டுகளை, சரிபார்த்த ஒரு நாளைச் சொல்கிறேன். ஒரு நூல் வியாபாரியின் ரொக்கச் செலவுக் கட்டு அது. கணக்கு மென்பொருளான டேலியில் பார்த்தால் ஏற்றுகூலி என்ற தலைப்பில் ஒரே தேதியில் ஐந்து பதிவுகள், ஐந்து பெயர்கள், ஒவ்வொன்றும் 9,500 ரூபாய். திரையில் குறை சொல்ல எதுவும் இல்லை. அவள் காகிதங்களை மேசைமேல் வரிசையாகப் பரப்பிவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "சார், அஞ்சு பேருக்கும் ஒரே கையெழுத்தா?" பெயர்கள் வேறாக இருந்தாலும், ஐந்து கையெழுத்துகளும் ஒரே சாய்வில், கடைசி எழுத்தின் கீழ் ஒரே மாதிரியான இரட்டைக் கோட்டுடன் இருந்தன. விசாரித்தபோது, பணம் முழுவதும் ஒரே மேஸ்திரியின் கைக்குத்தான் போனது என்று கணக்காளர் ஒப்புக்கொண்டார்.

அந்தக் கேள்வியிலிருந்து அவள் அன்று மாலைக்குள் கற்றுக்கொண்டதை எந்தப் பயிற்சி வகுப்பும் ஒரே நாளில் தந்துவிட முடியாது. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவை வருமானத்திலிருந்து கழிக்க அனுமதிக்கப்படாது என்கிறது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 40ஏ(3) பிரிவு. அன்றைய மொத்தத் தொகையே கணக்கில் கொள்ளப்படும் என்பதால், ஐந்தாகப் பிரித்து எழுதியதால் பயன் இல்லை. மொத்தம் 47,500 ரூபாய் ஒரே ஒப்பந்தக்காரருக்குப் போயிருக்கிறது என்றானதும், 30,000 ரூபாய் வரம்பைக் கடந்த அந்தத் தொகையில் 194சி பிரிவின்படி டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடித்திருக்க வேண்டுமே என்ற கேள்வி எழுந்தது. எத்தனை சதவீதம் என்று அறிய மேஸ்திரியின் பான் எண்ணைக் கேட்டு வாங்கினோம். பானின் நான்காவது எழுத்து 'பி' என்றால் தனிநபர், ஒரு சதவீதம். 'எஃப்' என்றால் கூட்டு நிறுவனம், இரண்டு சதவீதம். பானே தராவிட்டால் இருபது சதவீதம். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறிவிடுவதால், அதற்கு முந்தைய ஆண்டுகளுக்குப் பழைய சட்டம், பிந்தையவற்றுக்குப் புதியது என்று இரண்டையும் இப்போது சேரும் மாணவர்கள் கையாள வேண்டியிருக்கும். இதைச் சுமையாக நினைக்கிறார்கள். இரண்டு சட்டங்களையும் ஒப்பிட்டு வேலை செய்யும் வாய்ப்பு எங்கள் தலைமுறைக்கு இல்லை.

நானும் இப்படித் தடுமாறித்தான் கற்றேன். ஆர்ட்டிக்கிளாக இருந்தபோது ஒரு மார்ச் 31 இரவு கிடங்கில் சரக்கு எண்ணப் போய், அடுக்கின் முன்வரிசையில் 12, உயரத்தில் 8, ஆழத்தில் 10 என்று பெருக்கி, 960 மூட்டைகள் என்று பெருமையாக எழுதிக்கொண்டு வந்தேன். "மேலே ஏறிப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார் என் ஆடிட்டர். மறுநாள் காலையில் ஏணி போட்டு ஏறியபோது அடுக்கின் நடுப்பகுதி கிணறுபோல் காலியாகக் கிடந்தது. இன்றும் எந்தக் கிடங்குக்குப் போனாலும் முதலில் ஏணியைத்தான் தேடுகிறேன்.

அலுவலகத்தைத் தேர்ந்தெடுப்பதில் பெயரையும் பரப்பையும் மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். பெரிய அலுவலகத்தில் ஒரே நிறுவனத்தின் தணிக்கையில் ஒரு பகுதியை மட்டும் மாதக்கணக்கில் பார்க்க நேரலாம். மாவட்டத் தலைநகரில் உள்ள சிறிய அலுவலகத்தில் 7ஆம் தேதி டிடிஎஸ், 11ஆம் தேதி விற்பனை விவரங்களுக்கான ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி ஜிஎஸ்டி வரியைக் கட்டும் 3பி ரிட்டர்ன் என்று மாதம் ஓடும்; செப்டம்பர் 30 நெருங்கும்போது வரித் தணிக்கை அறிக்கைகளுக்காக இரவிலும் விளக்கு எரியும். ஆனால் அங்கும் ரிட்டர்ன் போடுவதே முழு வேலையாகிவிடும் ஆபத்து உண்டு. எனவே சேருமுன், அங்கே இப்போது ஆர்ட்டிக்கிளாக இருப்பவரைத் தேநீர்க் கடைக்கு அழைத்துப்போய், கடந்த மூன்று மாதங்களில் எந்தெந்த வேலை செய்தார் என்று கேளுங்கள். வங்கி வரிசையில் நின்றதும் ஆடிட்டரின் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டதும்தான் நினைவுக்கு வருகிறது என்றால் வேறு இடம் பாருங்கள். (பெட்ரோல் நானும் போட்டிருக்கிறேன், அத்துடன் மற்ற வேலையும் இருந்தது.)

குறைந்தபட்ச உதவித்தொகையை ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து விதிமுறைகள் நிர்ணயித்திருக்கின்றன. வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு ரொக்கமாகத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. வவுச்சர்களில் எதைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமோ, அதையே தன் சம்பளத்தில் அந்த மாணவன் முதலில் பார்க்கிறான்.

சென்ற ஆண்டு ஒரு பட்டயக் கணக்காளர் எங்களிடம் வேலைக்கு வந்தார். ஃபைனலில் நல்ல மதிப்பெண்கள். ஒரு கிளையண்டின் கொள்முதல் பதிவேட்டையும் விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களிலிருந்து உருவாகி 14ஆம் தேதி வரும் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பியையும் கையில் கொடுத்து, பதிவேட்டில் இருக்கும் இந்த ஒரு பில் 2பியில் ஏன் வரவில்லை என்று கேட்டேன். சட்டப் பிரிவை வரி பிசகாமல் சொன்னார். விற்றவர் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்பவராக இருக்கலாம், நம் கிளையண்டின் ஜிஎஸ்டி எண்ணைத் தவறாகப் போட்டிருக்கலாம், பில்லைப் பொதுமக்களுக்கு விற்றதாகக் காட்டியிருக்கலாம் என்பதில் ஒன்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. ஆர்ட்டிக்கிள்ஷிப் எங்கே என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அலுவலகத்துக்கு மொத்தம் நான்கைந்து முறைதான் போனதாகச் சொன்னார். மறைக்காமல் சொன்னதற்காகவே சேர்த்துக்கொண்டேன். முதல் ஆறு மாதம் அவர் உட்கார்ந்தது ஆர்ட்டிக்கிள்களின் மேசையில், நூல் வியாபாரியின் வவுச்சர்களைப் பார்த்த அந்த மாணவிக்குப் பக்கத்து நாற்காலியில். வவுச்சர் கட்டைப் பிரித்து எப்படிப் பரப்புவது என்று அவள்தான் அவருக்குக் காட்டிக்கொடுத்தாள்.