ஓட்டு, வாக்கு, நேர்ச்சை

தேர்தல் அன்று காலையில் எங்கள் பக்கம் ஒருவரை ஒருவர் கேட்பது, "அண்ணாச்சி, ஓட்டு போட்டாச்சா?" என்றுதான். "வாக்களித்துவிட்டீர்களா?" என்று டீக்கடையில் யாரும் கேட்டு நான் காதால் கேட்டதில்லை. ஆங்கிலத்தில் 'வோட்டு' என்றிருந்த சொல் தமிழில் ஏன் 'ஓட்டு' ஆனது? விடை தொல்காப்பியத்தில் இருக்கிறது. வகரத்தோடு உ, ஊ, ஒ, ஓ என்ற நான்கு உயிரும் சேர்ந்து சொல்லின் முதலில் வராது என்பது அதன் விதி. வந்த சொல்லின் தலையில் இருந்த வகரத்தை நம் வாய் தானாகவே உதறிவிட்டது. இலக்கணம் படிக்காத ஆச்சியும் அந்த விதிப்படிதான் 'ஓட்டு' என்கிறார்.

ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் இலத்தீனில் 'வோட்டும்'. தெய்வத்தின் முன் நேர்ந்துகொள்வது என்று பொருள். இதற்கு நெல்லைச் சீமையில் வேறு விளக்கமே வேண்டாம். உவரி அந்தோணியாருக்கும், ஆத்தங்கரைப் பள்ளிவாசலுக்கும், காரையாறு சொரிமுத்து அய்யனாருக்கும் நாம் வைத்துக்கொள்கிறோமே நேர்ச்சை, அதுதான். ஒன்றை மனதில் உறுதியாக நினைத்து, அதை நிறைவேற்ற நேரில் போய் நிற்பது.

எழுத்துத் தமிழில் நாம் எடுத்துக்கொண்ட சொல் 'வாக்கு'. அது வடமொழி 'வாக்' என்பதிலிருந்து வந்தது. சொல், பேச்சு என்று பொருள். ஆனால் தமிழில் அது வெறும் பேச்சாக நிற்கவில்லை. வாக்குக் கொடுத்தான், வாக்குத் தவறினான், கோயில் கொடைவிழாவில் சாமியாடி வாக்குச் சொன்னார் என்று எங்கே வந்தாலும் அந்தச் சொல்லுக்கு ஒரு கனம் இருக்கிறது. 'வாக்களித்தான்' என்பதற்கு உறுதி கொடுத்தான் என்றும் பொருள், ஓட்டுப் போட்டான் என்றும் பொருள். மேடையில் வேட்பாளர் தருவது வாக்குறுதி. சாவடிக்குள் நாம் தருவதும் நம் சொல். அதனால்தான் ஓட்டுக்குப் பணம் என்ற பேச்சை என்னால் தாங்க முடிவதில்லை. கொடுப்பவரும் வாங்குபவரும் சட்டப்படி குற்றவாளிகள் என்பது ஒருபுறம். கொடுத்த சொல்லுக்கு விலை வாங்கியவரை நம் ஊர் என்றைக்கு மதித்தது?

'குடவோலை'தான் சரியான தமிழ்ச்சொல் என்பார் உண்டு. கயிறு கட்டிய குடத்தின் இலச்சினையைப் பார்த்து அழித்து, உள்ளிருக்கும் ஓலையை எடுக்கும் ஆவணமாக்களை, அதாவது ஓலைகளைச் சரிபார்ப்பவர்களை, அகநானூற்றின் 77ஆம் பாட்டு காட்டுகிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) முறையையே விரித்துச் சொல்கின்றன. ஆனால் அங்கே பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். அது திருவுளச்சீட்டு. தகுதியுள்ளவர்களுக்குள் குலுக்கல் நடந்ததே தவிர, இன்னாரை விரும்புகிறேன் என்று குடிமகன் சொல்ல அதில் இடமில்லை. அருமையான சொல், பொருள்தான் பொருந்தவில்லை.

நமக்கு நெருக்கமானது மானூர்க் கல்வெட்டு. நெல்லையிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் இருக்கும் அந்த ஊரின் சபை, ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில், தன் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்தது. எதைச் சொன்னாலும் மறுத்துக் குத்துக்கால் போடுகிறவருக்கும் அவருக்குத் துணை நிற்கிறவருக்கும் ஐந்து காசு தண்டம். படிக்கும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கே அந்தச் சபையில் இடம் என்பதையும் மறைக்கக் கூடாது. உழுதவருக்கும், பெண்களுக்கும் அங்கே குரல் இல்லை. 1951-52 பொதுத்தேர்தலில் 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு வந்ததே, அதன் அருமை மானூரை நினைத்தால்தான் எனக்கு முழுதாகப் புரிகிறது. 1989இல் அந்த வயது 18 ஆனது.

தனித்தமிழ் அன்பர்கள் ஓட்டை 'ஒப்போலை' என்பர். நல்ல ஆக்கம், ஆனால் மக்கள் நாவில் ஏறவில்லை. எழுத்தில் வாக்கு, பேச்சில் ஓட்டு என்பதே என் தேர்வு.

ஓட்டுப் போடுவது கடமை என்கிறோம். நம் சட்டத்தில் அது கட்டாயமில்லை. போடாதவருக்குத் தண்டமும் இல்லை. ஆனால் 'கடமை' என்ற சொல்லைப் பாருங்கள். சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் அதற்கு நிலவரி என்று பொருள். கடன் என்ற சொல்லுக்கு அது உறவு. ஊருக்கு நாம் செலுத்த வேண்டிய பாக்கி. நேர்த்திக்கடனிலும் அதே கடன்தான் இருக்கிறது.

பங்குனி உத்திரத்துக்குச் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் ரயிலேறி, குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்கு வந்து பொங்கலிடுகிறோம். 2021இல் உத்திரம் மார்ச் 28, வாக்குப்பதிவு ஏப்ரல் 6. 2024இல் உத்திரம் மார்ச் 25, வாக்குப்பதிவு ஏப்ரல் 19. சாஸ்தாவுக்கு வந்த கால்கள் இன்னொரு முறையும் வரலாம். வெளியூரிலேயே நிலைத்துவிட்டவர்கள் அங்கே பெயரை மாற்றிக்கொண்டு அங்கே போடலாம். ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர் ராதாபுரம் பக்கம் போய்க் கேட்டுப் பார்க்கட்டும். 2016 சட்டமன்றத் தேர்தலில் அந்தத் தொகுதியின் வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள். ஒரு பேருந்தில் ஏறுகிற கூட்டம்.