‘ரஷ்யா’ என்று எழுதிவிடாதீர்கள்: இல்லாமல் போன நாட்டின் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு

போன மாதம் பாளையங்கோட்டையில் என் அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தார். அப்பா எண்பதுகளில் கார்கிவ் நகரில் மருத்துவம் படித்தவர். 1988-இல் இவர் பிறந்ததும் அங்கேதான். கையில் சோவியத் சின்னம் போட்ட பிறப்புச் சான்றிதழ். வெளிநாட்டு வேலைக்கு அதில் அப்போஸ்டில் முத்திரை கேட்டிருக்கிறார்கள்; ஆவணத்தில் உள்ள அரசுக் கையெழுத்து உண்மையானது என்று மற்ற நாடுகளுக்குச் சான்று சொல்லும் முத்திரை அது. ஒரு ஏஜென்ட், “அந்த நாடே இப்ப இல்லம்மா, இது செல்லாது. ரஷ்யாவில் பிறந்ததா ஒரு அஃபிடவிட் போட்டுரலாம்” என்று டைப் அடித்தே கொடுத்திருக்கிறார். நான் நோட்டரி கையெழுத்துப் போட வேண்டும். போடவில்லை.

நம் பக்கம் கீவில் படித்தவரும் ‘ரஷ்யா டாக்டர்’, தாஷ்கண்டில் படித்தவரும் ‘ரஷ்யா டாக்டர்’. பேச்சுக்குச் சரி, பத்திரத்துக்கு ஆகாது. 1991 டிசம்பரோடு சோவியத் ஒன்றியம் முடிந்துபோய், அது இருந்த இடத்தில் 15 நாடுகள் நின்றன. கார்கிவ் உக்ரைனில் இருக்கிறது. உக்ரைனை இந்தியா 1991 டிசம்பரிலேயே அங்கீகரித்து, அடுத்த மாதம் தூதரக உறவும் வைத்துக்கொண்டது. ஆக, கார்கிவில் பிறந்தவரை ரஷ்யாவில் பிறந்தவர் என்று சத்தியம் செய்வது பொய்ச் சத்தியம்.

“அப்ப நான் எந்த நாட்டுக்காரி சார்?” என்று கேட்டார். அந்தப் பயமே வேண்டாம். 1988-இல் வெளிநாட்டில் பிறந்தாலும், அப்போது தந்தை இந்தியக் குடிமகன் என்றால் பிள்ளை வம்சாவளியால் இந்தியக் குடிமகள்தான்.

கூட்டாட்சி உடைவதும் நம் ஊர்ப் பாகப்பிரிவினை மாதிரிதான். மூத்தவன் குடும்பப் பெயரையும் கடனையும் சேர்த்து எடுத்துக்கொள்வது உண்டு. ரஷ்யா அப்படிச் செய்தது. ஐ.நா. பாதுகாப்பு அவையில் சோவியத்தின் இருக்கையில் அமர்ந்தது, வெளிக்கடனுக்கும் பொறுப்பேற்று, வெளிநாட்டுச் சொத்துகளையும் கேட்டது. சொத்து விஷயத்தை உக்ரைன் நாடாளுமன்றம் இன்றுவரை ஏற்கவில்லை. அதே காலத்தில் உடைந்த யூகோஸ்லாவியாவில் கதை வேறு. செர்பியாவும் மான்டினீக்ரோவும் சேர்ந்து ‘நாங்களே மூத்தவர்’ என்றபோது, 1992-இல் பாதுகாப்பு அவை அதை ஏற்கவில்லை. 2000-இல் அவர்கள் புதிதாக மனுப்போட்டுத்தான் ஐ.நா.வுக்குள் வர முடிந்தது. ஒரே நாடாக இருந்த செக் குடியரசும் ஸ்லோவாக்கியாவும் 1993-இல் சண்டையில்லாமல் பிரிந்து, இருவருமே புதிய உறுப்பினர்களாகச் சேர்ந்தார்கள்.

இதெல்லாம் நமக்கெதற்கு என்று நினைக்க வேண்டாம். ராதாபுரம் தாலுகாவில் நிற்கும் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டார்கள். மூன்றே வருடத்தில் ஒப்பந்தம் போட்ட நாடு போய்விட்டது. 1992-இல் அணுப்பொருள் விற்கும் நாடுகள், இந்தியா போன்ற நாடுகளுக்கு விற்க முடியாதபடி விதியை இறுக்கின. ‘இது அதற்கு முந்தைய ஒப்பந்தம்’ என்று ரஷ்யா வாதாடி, 1998-இல் துணை ஒப்பந்தமும் போட்டு வேலையைத் தொடர்ந்தது. காகிதத்தில் இருந்த தேதிக்கு அவ்வளவு பலம்.

தனிமனிதர் காகிதத்துக்கும் காவல் உண்டு. நமீபியாவில் தென்னாப்பிரிக்காவின் ஆட்சியே சட்டவிரோதம் என்று 1971-இல் சொன்ன சர்வதேச நீதிமன்றம், அங்கே பதிந்த பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளைப் புறக்கணித்து மக்களைத் தண்டிக்கக் கூடாது என்றும் சேர்த்தே சொன்னது. அங்கீகாரமே கிடைக்காத ஆட்சிக்கே இப்படி என்றால், எல்லோரும் அங்கீகரித்திருந்த சோவியத்தின் பதிவை ஒரு ஏஜென்ட் எப்படிச் செல்லாது என்பார்?

சரி, வழி என்ன? அப்போஸ்டில் முத்திரையைச் சான்றிதழ் கொடுத்த நாடுதான் போட வேண்டும். வெளிநாட்டுச் சான்றிதழுக்குச் சென்னையிலோ டெல்லியிலோ நம் அதிகாரிகள் போட முடியாது. அந்த நாடு இல்லையென்றால், பதிவேடு இன்று எந்த நாட்டின் கையில் இருக்கிறதோ அங்கே கேட்க வேண்டும். புதிய படிவத்தில் நகல் வாங்கி, அதில் முத்திரை பெறுவதே சிக்கலில்லாத வழி. இந்தியாவும் உக்ரைனும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கின்றன. பழைய சான்றிதழில் கார்கோவ், புதியதில் கார்கிவ் என்று வரும். ‘இரண்டும் ஒரே ஊர்’ என்று ஒரு அஃபிடவிட் வேண்டுமானால் போடலாம். அது உண்மை, அதில் தாராளமாகக் கையெழுத்துப் போடுவேன்.

டெல்லியில் உள்ள உக்ரைன் தூதரகத்துக்கு எழுதியிருக்கிறோம். போர் நடக்கும் ஊர், தாமதமாகலாம். அதுவரை அந்தப் பழைய சான்றிதழில் பேனா வைக்கக் கூடாது, லேமினேஷனும் போடக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.