மூன்று பேர் பெஞ்சும் அரை நொடியும்

"பையன் என் போனை நோண்டிக்கொண்டிருந்தான். திடீரென்று நட்சத்திரங்கள் பறக்கின்றன, நடுவில் ஒரு விண்கலம். வைரஸா சார்? யாராவது ஹேக் பண்ணிவிட்டார்களா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

இல்லையம்மா, போன் நன்றாகத்தான் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 14-ஐ எழுதியவர்கள் ஒளித்துவைத்த விளையாட்டைப் பையன் கண்டுபிடித்துவிட்டான், அவ்வளவுதான். செட்டிங்ஸில் 'அபௌட் போன்' போய், ஆண்ட்ராய்டு வெர்ஷன் என்ற வரியைப் படபடவென்று தட்டினால் ஒரு சின்னம் வரும். அதை அழுத்திப் பிடித்தால் விண்கலம். இப்படி ஒளித்துவைப்பதற்கு 'ஈஸ்டர் எக்' என்று பெயர். ஈஸ்டர் சமயத்தில் பெரியவர்கள் ஒளித்துவைத்த வண்ண முட்டைகளைப் பிள்ளைகள் தேடி எடுப்பார்கள் அல்லவா, அதிலிருந்து வந்தது.

இந்தக் குறும்பு பழசு. 1970களின் கடைசியில் அட்டாரி என்ற வீடியோ கேம் நிறுவனம் விளையாட்டுகளை எழுதியவர்களின் பெயரைப் போடாது. கடுப்பான வாரன் ராபினெட், தன் 'அட்வென்சர்' விளையாட்டில் சாம்பல் நிறப் பின்னணியில் அதே சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளியை வைத்தார். அதைத் தேடி எடுத்து, சரியான இடத்துக்குக் கொண்டுபோனால் சுவரைத் தாண்டி ஓர் அறைக்குள் நுழையலாம். அங்கே அவர் பெயர் மின்னும். நிறுவனத்துக்கு விஷயம் தெரிவதற்குள் ஆள் வேலையை விட்டே போயிருந்தார்.

சரி, பையன் விஷயத்துக்கு வருவோம். அவன் தெரியாமல் ஒருமுறை தொட்டதற்கும் வேண்டுமென்றே படபடவென்று தட்டியதற்கும் உள்ள வித்தியாசம் போனுக்கு எப்படித் தெரிகிறது? தட்டியதை எண்ணிக்கொண்டே போனால் போதுமே என்று தோன்றும். போதாது. விண்கலத்துக்கு மூன்று தட்டல் வேண்டும் என்றால், நேற்று ஒன்று, இன்று இரண்டு என்று சேர்ந்தாலும் மூன்றாகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மூன்று பேர் மட்டும் உட்காரக்கூடிய பெஞ்ச் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒருவர் வந்து வலது ஓரத்தில் உட்கார்ந்தால், மற்றவர்கள் நகர, இடது ஓரத்தில் இருப்பவர் எழுந்து போயாக வேண்டும். போன் செய்வதும் அதேதான். ஒவ்வொரு தட்டலின் நேரத்தையும் மில்லிநொடியில் குறித்து வலது ஓரத்தில் உட்காரவைக்கிறது. பிறகு ஒரே ஒரு கேள்வி: இடது ஓரத்தில் இருப்பவர் கடந்த 500 மில்லிநொடிக்குள், அதாவது அரை நொடிக்குள் வந்தவரா? ஆமாம் என்றால் கதவு திறக்கும்.

பெஞ்சில் முதலில் மூன்று பூஜ்யங்கள். பையன் 9000, 9400, 9800 ஆகிய நேரங்களில் தட்டுகிறான். இடது ஓரத்தில் 9000. 800 மில்லிநொடி பழசு, திறக்காது. உடனே 9850-இல் இன்னொரு தட்டு. 9000 எழுந்து போக, பெஞ்சில் இப்போது 9400, 9800, 9850. இடைவெளி 450. திறந்துவிட்டது! தோற்றுப்போன முயற்சியை யாரும் அழிக்கவில்லை, அலாரம் வைக்கவில்லை, எண்ணவும் இல்லை. பழசு தானாக விழுந்துவிட்டது. நான்கைந்து வரி நிரல்தான். முதல்முறை படித்தபோது காபி ஆறிப்போனது.

(நிரலர்களுக்கென்று மறைத்துவைத்திருக்கும் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' மெனுவைத் திறக்க, செட்டிங்ஸில் 'பில்ட் நம்பர்' என்ற வரியை ஏழு முறை தட்டுவது வேறு. அது வெறும் எண்ணிக்கைதான். அதில் சுவாரசியம் இல்லை.)

'இந்த எண்ணை அழுத்தினால் உங்களை உளவு பார்ப்பது யாரென்று தெரியும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்புகிறவர்கள் இந்த விண்கலத்துக்குப் பயப்படுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். எக்செல் 97-க்குள் ஒரு விமானம் ஓட்டும் விளையாட்டே ஒளிந்திருந்தது. கணக்குப் போட வாங்கிய மென்பொருளில் நமக்குச் சொல்லாமல் இவ்வளவு இருந்தால், வேறு என்னவெல்லாம் இருக்கும் என்ற கேள்வி சரிதானே? பாதுகாப்பே முதல் என்று 2002-இல் முடிவெடுத்த மைக்ரோசாஃப்ட் இந்தப் பழக்கத்தைக் கைவிட்டதில் எனக்கு வருத்தமில்லை. ஆண்ட்ராய்டின் பெஞ்ச் அப்படியல்ல. அதன் மூலநிரல் திறந்தே கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நானும் அப்படித்தான் படித்தேன்.

அலுவலகம் கொடுத்த போன்களில் இதைத் தடுக்க நிர்வாகிக்கு ஒரு வசதியும் உண்டு. அதன் பெயரே 'வேடிக்கைக்கு அனுமதியில்லை' என்ற பொருளில்தான் இருக்கிறது. பயனர் மகிழ்ச்சி அடைவதைத் தடுக்க விரும்பினால் பயன்படுத்தவும் என்கிற ரீதியில் ஆவணத்தில் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். அந்தத் தடை இருக்கும்போது தட்டினால் விண்கலம் வராது. நிரலர்கள் மட்டும் பார்க்கும் பதிவேட்டில் ஒரு வரி விழும்: 'மன்னிக்கவும், உங்களுக்கு வேடிக்கை கிடையாது!'