சிக்குன்குனியா: குனிவதா, முடங்குவதா?

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில், சேன் ஆந்த்ரே என்னும் ஊரில் ஞாயிறுதோறும் நடத்தும் தமிழ் வகுப்பில் ஏவல் வினைகளைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நில், உட்கார், குனி. கடைசிச் சொல்லைக் கேட்டதும் ஒரு பையன் துள்ளினான். "ஐயா, அப்படியானால் சிக்குன்குனியா தமிழ்ச் சொல்தானே? சிக்கிக் குனிவது!" வகுப்பே சிரித்தது. நான் கொஞ்சம் அசந்துதான் போனேன். ஒலி பொருந்துகிறது, பொருளும் ஏறக்குறைய பொருந்துகிறது. வரலாறு மட்டும் பொருந்தவில்லை.

அது மகொண்டே மொழிச் சொல். 1952-இல் அன்றைய தாங்கனிக்காவின், அதாவது இன்றைய தான்சானியாவின் தெற்கே, மகொண்டே மேட்டுநிலத்தில் ஒரு காய்ச்சல் பரவியது. மூட்டுகள் பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் போனவர்களைப் பார்த்து ஊரார் வைத்த பெயரையே மருத்துவர்களும் எடுத்துக்கொண்டார்கள். வேர்ச்சொல் 'குங்குன்யாலா', வற்றிச் சுருங்குதல், கோணிப்போதல் என்று பொருள். சுவாஹிலிச் சொல் என்று பலர் எழுதிவருவது தவறு. 'சிக்கன் குனியா' என்று எழுதுவது அதைவிடப் பெரிய தவறு. பரப்புவது ஏடிஸ் கொசு; கோழி ஒரு பாவமும் அறியாது.

ரீயூனியனில் முழுப்பெயரைச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை. வெறும் 'சிக்' தான். 2005-06-இல் ஏறத்தாழ 2,66,000 பேருக்கு வந்தது. தீவில் மூன்றில் ஒருவருக்கும் மேல். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது, விரல்களை விடவில்லை. முருங்கைக்கீரையைக் காம்போடு பிடித்து ஒரே இழுப்பில் உருவுகிறவர், அதன்பின் மாதக்கணக்கில் ஒவ்வோர் இலையாகக் கிள்ளிக்கொண்டிருந்தார். (அந்தக் கீரைக்கு இங்கே 'ப்ரேட் மூரூம்' என்று பெயர். முருங்கை, இத்தீவின் பேச்சுமொழியான கிரியோலுக்குப் போய்ச் சேர்ந்த கோலம் அது.)

இந்த நோய்க்குத் தமிழில் ஒரு பெயர் வைப்பதென்றால், அந்த விரல்களை நினைக்கும்போது 'குனி' சரிப்படாது. குனிவது நாமாகச் செய்வது, வேண்டும்போது நிமிர்ந்துகொள்ளலாம். முடங்குவது நம்மைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. மடங்குவது, சுருங்குவது, அசையாமல் கிடப்பது மூன்றும் அந்த ஒரு வினையில் அடங்கும். சுருட்டிய ஓலைக் கடிதத்துக்கு முடங்கல் என்று பழந்தமிழில் பெயர் இருந்ததும் அதனால்தான். எனவே நான் பரிந்துரைப்பது முடக்குக் காய்ச்சல். 'மூட்டுவலிக் காய்ச்சல்' என்றால் போதாதா என்று கேட்பார்கள். டெங்குவிலும் மூட்டு வலிக்குமே!

என் சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. முடக்குவாதம் என்பது மூட்டுகள் நாட்பட வீங்கி வலிக்கும் வேறொரு நோய். ஆனால் பெயரில் இருக்கும் இந்தக் குழப்பம் மருத்துவமனையிலும் இருக்கிறது. சிக்குன்குனியா வந்துபோய் மாதங்கள் கழிந்தும் வீக்கம் வடியாத கைகளைப் பார்த்தால் முடக்குவாதம் போலவே தோன்றும். இரண்டையும் பிரித்தறிய மருத்துவர்களே இரத்தப் பரிசோதனையை நாடவேண்டியிருக்கிறது.

மகொண்டேப் பெயரும் நோயை முழுதாகச் சொல்லிவிடவில்லை. அது மூட்டைத்தான் பார்த்தது. பிரசவ நேரத்தில் தாயின் இரத்தத்தில் வைரஸ் இருந்தால் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகளுக்கு அது தொற்றுகிறது என்பதையும், அறுவைப் பிரசவத்தால் அதைத் தடுக்க முடியவில்லை என்பதையும் உலகம் இந்தத் தீவில்தான் கற்றுக்கொண்டது. அந்தப் பச்சிளங்குழந்தைகள் சிலருக்கு மூளையே பாதிக்கப்பட்டது.

2025-இல் நோய் திரும்பி வந்தபோது கையில் தடுப்பூசி இருந்தது. வலுக்குறைத்த உயிருள்ள வைரஸால் ஆனது. வேறு நோய்களும் உள்ள முதியோருக்கு முதலில் போட்டார்கள். கடுமையான பக்கவிளைவுகள் தெரியவந்ததும், ஏப்ரல் முடிவதற்குள் 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு நிறுத்திவிட்டார்கள். நோய் யாரை அதிகம் வாட்டுமோ அவர்களுக்கே ஊசியும் ஆபத்தாகலாம் என்றால் யாருக்குப் போடுவது என்ற வாதம் அப்போதிலிருந்து நடக்கிறது.

அடுத்த ஞாயிறு பையனிடம் முடக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தான்.

"அம்மாவிடம் சொன்னால் புரியாது ஐயா. சிக் என்றே சொல்லிக்கொள்கிறேன்."