எட்டாவது சர்வர்

ஒரு சாஃப்ட்வேர் புராஜெக்ட் தடுமாறுகிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டால் நான் முதலில் கேட்பது ரிஸ்க் ரிஜிஸ்டரைத்தான், அதாவது என்னென்ன சிக்கல் வரலாம், அதை யார் பார்த்துக்கொள்வது என்று எழுதிவைக்கும் பட்டியலை. ஒரு எக்செல் ஃபைல் வரும். கடைசியாக எப்போது அதில் கை வைத்தார்கள் என்று பார்ப்பேன். பெரும்பாலும் புராஜெக்ட் தொடங்கிய மாதமாகவே இருக்கும். "ஆட்கள் விலகலாம்", "தேவைகள் மாறலாம்" என்று எந்த புராஜெக்டுக்கும் பொருந்துகிற நாலைந்து வரிகள். பொறுப்பாளர் பெயர் வரவேண்டிய கட்டத்தில் 'டீம்' என்று போட்டிருக்கும்.

புராஜெக்டைக் கவிழ்க்கப் போகிற விஷயம் அந்த ஃபைலில் இருந்து நான் பார்த்ததே குறைவு. அது டீமில் யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கும். அவர் சொல்லியிருக்க மாட்டார். அல்லது சொல்லியும் யார் காதிலும் ஏறியிருக்காது.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் தவறாமல் சொல்வது நைட் கேபிட்டல் கதை. அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் பங்குச்சந்தையில் ஒரு புதிய திட்டம் தொடங்கவிருந்தது. அதற்கான புரோகிராம் கோடை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டும். ஏழில் ஏற்றினார்கள். எட்டாவது விடுபட்டது. ஏற்றியதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று எழுதிவைத்த நடைமுறை எதுவும் அங்கே இல்லை.

அந்த எட்டாவது சர்வரில் 'பவர் பெக்' என்ற பழைய கோட் இருந்தது. 2003இலேயே பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள், ஆனால் அழிக்கவில்லை. 2005இல் அதோடு சேர்ந்த ஒரு பகுதியை, ஆர்டர் நிறைவேறிவிட்டதா என்று கணக்குப் பார்க்கும் பகுதியை, இடம் மாற்றினார்கள். அதன்பின் பழைய கோடைச் சோதித்துப் பார்க்கவில்லை. போதாததற்கு, பவர் பெக்கை இயக்கிய அதே ஃபிளாகையே, அதாவது அதை ஓடவைக்கும் சுவிட்ச் மாதிரியான குறியையே, புதிய கோடுக்கும் எடுத்துக்கொண்டார்கள். சந்தை திறந்ததும் ஏழு சர்வர்கள் சரியாக ஓடின. எட்டாவது, நிறுத்தத் தெரியாமல் ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. பதறிப்போய் சரியாக ஓடிய ஏழிலிருந்தும் புதிய கோடை எடுத்தார்கள். அங்கேயும் பழையது ஓட ஆரம்பித்தது. 45 நிமிடத்தில் 40 லட்சம் வர்த்தகங்கள், நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல்.

எனக்கு இதில் தாங்க முடியாதது வேறு. அன்று காலை 8 மணி தாண்டியதுமே, அதாவது சந்தை திறக்க ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே, பவர் பெக் பெயரைச் சொல்லி அவர்களுடைய சிஸ்டம் மெயில் அனுப்பத் தொடங்கிவிட்டது. மொத்தம் 97 மெயில்கள். அவை எச்சரிக்கை என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அவ்வளவு பெரிய இடத்தில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். சில வருடங்களுக்கு முன் நான் பொறுப்பேற்ற ஒரு பில்லிங் புராஜெக்டில், மாதக் கடைசி வேலை முழுக்க ஒரே ஆளிடம் இருந்தது. அவர் வேலையை விட்டார். நோட்டீஸ் பீரியடில் கேடி (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், தன் வேலையை மற்றவர்களுக்கு விளக்கிக் கொடுப்பது) கொடுத்தார், நாற்பது ஸ்லைடு. எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அடுத்த மாதம் முதல் தேதி வாடிக்கையாளர்களுக்கு ஒரே பில் இரண்டு தடவை போயிருந்தது. விடிய விடியத் தேடினோம். டீமிலேயே இளையவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மாசக் கடைசி ராத்திரி அவர் கையால ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டுவார் சார்." ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்றேன். "யாரும் கேக்கல சார்."

அந்தப் பதிலுக்கு நான்தான் பொறுப்பு. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எஸ்டிமேட் போடும் முன்பே தேதியைக் கொடுத்துவிடுவது, வேலை தள்ளிப்போனதும் டெஸ்டிங் நாட்களை வெட்டுவது, கடைசி மாதத்தில் புது ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவது, இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவற்றையும் முதலில் உணர்பவர் டெவலப்பர்தான். வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் ஸ்டேட்டஸ் காலில் அவர் மஞ்சள், அதாவது சிக்கல் வரலாம், என்றதை டீம் லீடு பச்சை, எல்லாம் சரி, என்பார். மேலே போகும்போது அது நல்ல கரும்பச்சையாகிவிடும்.

அப்புறம் நான் வழக்கத்தை மாற்றினேன். வெள்ளிக்கிழமை பதினைந்து நிமிடம், இளையவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவரிடமும் இரண்டே கேள்வி. நீங்கள் மட்டும் கையால் செய்கிற வேலை எது? சரியாக இருக்கும் என்று நம்பி, நாம் இன்னும் செய்து பார்க்காதது எது? முதல் சில வாரம் ஒன்றும் வராது. சொன்னவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை என்று தெரிந்த பிறகுதான் வாய் திறப்பார்கள்.

போன மாதம், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன ஒரு பெண் சொன்னார்: "பேக்கப் தினமும் எடுக்கிறோம் சார். அதிலிருந்து திரும்ப எடுத்துப் பார்த்ததே இல்லை." அன்று மாலையே தனி சர்வரில் ரீஸ்டோர் செய்து பார்த்தோம். பாதியில் நின்றுவிட்டது. சரிசெய்ய இரண்டு நாள் பிடித்தது. இப்போது மாதம் ஒருமுறை ரீஸ்டோர் செய்து பார்ப்பது எங்கள் ரிஜிஸ்டரில் ஒரு வரி. பொறுப்பாளர் கட்டத்தில் அவர் பெயர்.